பெயர் பழையது, கரைசல் புதியது: வீட்டு இருட்டறையில் எச்.சி.-110

கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வீட்டிலேயே கழுவும் பழக்கம் நம் மாணவர்கள் சிலரிடம் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. கேமரா தாத்தாவுடையதாக இருக்கும். செய்முறை பழைய நூலில் படித்ததாக இருக்கும். கடையில் வாங்கும் டெவலப்பர் மட்டும் இன்றையது. அந்த நூல் எழுதப்பட்ட காலத்து டெவலப்பரும் இன்று அதே பெயரில் விற்பதும் ஒன்றுதானா? இக்கட்டுரை அக்கேள்வியைக் கோடாக்கின் எச்.சி.-110ஐ முன்வைத்து ஆராய்கிறது.

மாறியது என்ன?

எச்.சி.-110 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. பழைய எச்.சி.-110 தேன்போல் கெட்டியான திரவம். அதில் நீர் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் திறந்து பல ஆண்டுகளான புட்டியும் வேலை செய்தது. "எச்.சி.-110 கெடவே கெடாது" என்ற பேச்சும் அதனால் எழுந்ததே.

2012இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 2013இல் படச்சுருள் விற்பனையும் வேதிப்பொருள் தொழிலும் கோடாக் அலாரிஸ் என்ற தனி நிறுவனத்தின் கைக்குச் சென்றன. 2019இல் எச்.சி.-110இன் கலவை மாற்றியமைக்கப்பட்டது. புதியது நீர் சேர்ந்தது. தண்ணீரைப் போலவே ஓடக்கூடியது. கழுவும் நேரங்களில் மாற்றமில்லை என்று தயாரிப்பாளர் அறிவித்தார். 2020இல் வேதிப்பொருள் தொழில் சீனாவின் சினோ பிராமிஸ் நிறுவனத்திடமும், 2023இல் அதற்கான உரிமம் அமெரிக்காவின் போட்டோ சிஸ்டம்ஸ் நிறுவனத்திடமும் போயின. இத்தனை கை மாறியும் புட்டியின் மேலிருக்கும் பெயர் மாறவில்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. நேர அட்டவணையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆனால் "கெடவே கெடாது" என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும்.

ஏன் கெடுகிறது?

ஒளி பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றுவது டெவலப்பரின் வேலை. எச்.சி.-110இல் அதைச் செய்யும் முக்கியப் பொருள்களுள் ஒன்று ஹைட்ரோகுவினோன். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வலுவிழக்கும். அதைத் தடுக்கவே சல்ஃபைட் சேர்க்கிறார்கள். நீர் உள்ள கரைசலில் இந்தச் சிதைவு விரைவாக நடக்கும். வெப்பமும் அதற்குத் துணை போகும். ஆண்டு முழுதும் முப்பது பாகையை ஒட்டியிருக்கும் நம் ஊரில் புட்டி அரைகுறையாக நின்றால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அந்தப் பாடம் வேறொரு டெவலப்பரில் கிடைத்தது. அது தூளை நீரில் கரைத்துச் செய்த கரைசல். 2011 ஜூன் கடைசி வாரம், மலாயா ரயில் நம் தீவின் குறுக்கே ஓடிய கடைசி நாள்கள். புக்கிட் பாஞ்சாங்கில் சுவா சூ காங் சாலைக் கடவையருகே நின்று ஒரு சுருள் முழுவதும் எடுத்தேன். எட்டு மாதமாகப் பாதிப் புட்டியில் கிடந்த கரைசலில் அதைக் கழுவினேன். சுருள் கண்ணாடிபோல் வெளிறி வந்தது. ஜூலை 1 முதல் அந்த வழியில் ரயில் இல்லை. மறுபடி எடுக்கவும் வழியில்லை. பிழை கரைசலுடையதன்று, பார்க்காமல் ஊற்றிய என்னுடையது.

முதலில் நுனியைக் கழுவுங்கள்

35 மி.மீ. சுருளின் நுனி ஏற்கெனவே வெளிச்சம் கண்டது. ஆகவே அது எப்படியும் வீண்தான். அதில் இரண்டு விரல் அகலம் வெட்டி, கலந்து வைத்த டெவலப்பரில் அறை வெளிச்சத்திலேயே போடுங்கள். கழுவும் நேரத்துக்குள் அது நன்றாகக் கறுக்க வேண்டும். சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் அந்தக் கரைசலைச் சுருளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

புதுப்புட்டி திறந்த அன்றே இப்படி ஒரு நுனியைக் கழுவி, ஃபிக்சரில் போட்டு, காயவைத்துத் தேதியுடன் குறிப்பேட்டில் ஒட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அதே வகைச் சுருளின் நுனியை அதே நேரம் கழுவி, இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கருமை குறைந்து வருவது கண்ணுக்கே தெரியும்.

அளவும் வெப்பமும்

நூல்கள் 20 பாகை என்று எழுதும். நம் குழாய்த் தண்ணீர் 28 பாகைக்கு மேல் வரும். 'பி' கலவை, அதாவது 1 பங்குக்கு 31 பங்கு நீர், எச்.பி.5 பிளஸ் சுருளுக்கு 20 பாகையில் 5 நிமிடம். நம் வெப்பத்தில் அது மூன்று நிமிடத்துக்கும் கீழே போய்விடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் சுருள் சீராகக் கழுவப்படாது. திட்டுத் திட்டாக வரும்.

எனவே பலரும் கையாளும் 'எச்' கலவையே நமக்கு ஏற்றது: 1 பங்குக்கு 63 பங்கு நீர், 'பி' கலவையின் இரு மடங்கு நேரம். 20 பாகையில் 10 நிமிடம். 24 பாகையில் ஏறத்தாழ 7 நிமிடம். இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் பனிக்கட்டி போட்ட தண்ணீரை வைத்து அதில் டேங்கை நிறுத்தினால் 24 பாகையைப் பிடிப்பது எளிது. ஃபிக்சரும் கழுவும் நீரும் அதையொட்டிய வெப்பத்திலேயே இருக்கட்டும்.

600 மி.லி. கரைசலுக்கு 9.4 மி.லி. டெவலப்பர் வேண்டும். ஒரு சுருளுக்கு 6 மி.லி.க்குக் குறையக் கூடாது என்பது அனுபவசாலிகளின் கணக்கு. 290 மி.லி. மட்டுமே பிடிக்கும் சிறு டேங்கில் இக்கலவைக்கு 4.5 மி.லி.தான் சேரும். ஆகவே ஒரே சுருளானாலும் பெரிய டேங்கைப் பயன்படுத்துங்கள். புதிய திரவம் மெலிந்தது. ஊசியில்லா மருந்துக் குழலில் துல்லியமாக உறிஞ்சலாம். கையுறை அணிய மறக்காதீர்கள். கலந்ததை ஒருமுறை பயன்படுத்தியபின் மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

எஞ்சியதைச் சிறிய பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புவரை நிரப்பித் தேதி எழுதி வையுங்கள். வீவக வீட்டின் சன்னலில்லாப் பதுங்கறை அதற்கு ஏற்ற இடம். உணவு வைக்கும் குளிர்ப்பெட்டி வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

நெகட்டிவ் சொல்லும் செய்தி

சுருளின் ஓரத்தில் அதன் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்படுகின்றன. நம் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. படங்கள் வெளிறி, ஓர எழுத்துகள் அடர்த்தியாக இருந்தால் படமெடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை என்று பொருள். எழுத்துகளும் வெளிறியிருந்தால் கழுவியது போதவில்லை. நேரத்தையோ வெப்பத்தையோ கரைசலையோ சரிபாருங்கள். எழுத்துகளே இல்லையென்றால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது ஃபிக்சரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். அன்று என் சுருளின் ஓரத்திலும் எழுத்துகள் இல்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. இந்த நுனிச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. பாட்டியின் முகமோ, இடிக்கப்படவிருக்கும் புளோக்கோ, மறுபடி எடுக்க முடியாத எதுவோ அந்தச் சுருளில் இருந்தால் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் விளக்கை அணையுங்கள்.