டர்போவுக்கு முன்னால் தூசியைப் பாருங்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஓடிய டீசல் வண்டி இன்ஜின் வேலைக்கு வந்தால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எந்தத் தூசியில் ஓடியது என்றுதான் நான் முதலில் கேட்பேன். அடுத்தடுத்த மாவட்டங்கள்தான், தூசி வேறு. அரியலூர் ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்த பூமி. ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் சுற்றுவட்டாரத்தில் சிமென்ட் ஆலை லாரிகள் கிளப்புவது சுண்ணாம்புக்கல் மாவு. பெரம்பலூர் பக்கம் கல்குவாரியும் கிரஷரும். அங்கே பறப்பது குவார்ட்ஸ் கலந்த கல்தூள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல் 3, குவார்ட்ஸ் 7. முன்னது ஏர் ஃபில்டரை அடைக்கும். பின்னது ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் லைனரை அரைத்துவிடும்.

ஒரு சுமோக்காரர் வந்தார். “அண்ணே, டர்போ போயிடுச்சு. நீலப்புகையா தள்ளுது, வேற டர்போ போட்டுடுங்க” என்றார். ஃபில்டரை எடுத்தால் மடிப்புக்கு மடிப்பு வெள்ளை மாவு அப்பிக் கிடந்தது. காற்று வரும் வழி அடைத்தால் டர்போவின் காற்றுச் சக்கரத்துக்கு முன்னால் வெற்றிடம் கூடும். அந்த இழுப்பில் ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் கசிந்து இன்ஜினுக்குள் போய் எரியும். டர்போ ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன், நீளவாக்கில் ஆட்டமே இல்லை. பக்கவாட்டில் மட்டும் லேசான ஆட்டம். ஆயில் படலத்தில் மிதக்கும் ஷாஃப்டுக்கு அது இருக்கத்தான் வேண்டும். புது ஃபில்டர் போட்டு, குழாய்களில் தேங்கிய ஆயிலைத் துடைத்தெடுத்ததும் புகை அடங்கியது.

கிரஷர் பக்கம் ஓடிய வண்டியில் கதை வேறு. டர்போ வாயில் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கல்தூள் தின்ற சக்கரத்தில் இறக்கைகளின் முன்முனை மெலிந்து, கூராகி, அங்கங்கே பொடிந்திருக்கும். ஹோஸின் உள்பக்கத்தை விரலால் தடவினால் நறநறக்கும். அந்த நறநறப்பு தட்டினால் டர்போவை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பாதீர்கள். அதே தூள் பிஸ்டன் ரிங்கையும் தொட்டிருக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பாருங்கள்.

இன்ஜினை இறக்கிய பிறகு அவசரப்படக் கூடாத இடம் அளவெடுப்புதான். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். தேய்மானம் அதிகம் இருப்பது மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில். நகத்தில் படி தட்டுகிறதா என்று தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ரிங்கை அதன் சிலிண்டருக்குள்ளேயே வைத்து ஃபீலர் கேஜில் இடைவெளி பார்த்த பிறகே பிஸ்டனில் ஏற்றுங்கள். டர்போ இன்ஜினில் சூடு கூடுதல். இடைவெளி குறைவாக இருந்தால் ரிங்கின் இரு முனைகளும் முட்டி, லைனரைக் கீறும்.

“சாதா இன்ஜின்தானே, ரீபோர் பண்ணும்போது ஒரு டர்போவையும் மாட்டிடுங்க” என்று பலர் கேட்கிறார்கள். சுமோவின் 1948 சிசி இன்ஜின் டர்போ இல்லாமல் சுமார் 68 குதிரைத்திறன், டர்போவோடு வந்த வண்டியில் சுமார் 90. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் டீசலில் காற்றை மட்டும் கூட்டினால் புகை குறையுமே தவிர, இழுவை பெரிதாகக் கூடாது. இழுவை வேண்டுமென்றால் பம்ப்பில் டீசலையும் கூட்ட வேண்டும். டீசல் கூடினால் சூடு கூடும். அந்தச் சூட்டை பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், ரேடியேட்டர், ஆயில் எல்லாமே தாங்கியாக வேண்டும். டர்போவுக்கென்றே கட்டிய பல இன்ஜின்களில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் நாசில் இருக்கும். சாதா இன்ஜினில் அது இல்லாமல் டர்போவை மட்டும் வைத்தால், முதல் நீண்ட ஏற்றத்திலேயே பிஸ்டன் தலை வெந்துபோகலாம்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் கேள்வி வரும். அதனால் ரோட்டில் ஓடும் சாதா வண்டிக்கு நான் டர்போ மாட்டித் தருவதில்லை. இன்ஜினையே மாற்ற நினைப்பவர்கள், வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த வண்டியைக் கட்டும்போது ஆயில் வழிதான் உயிர். ஆயில் வரும் குழாயின் ஜாயின்டில் சிலிக்கான் பசை தடவவே கூடாது. பிதுங்கிய துணுக்கு ஒன்று போதும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்ட் காய்ந்துவிடும். திரும்பும் குழாய் மடிப்பில்லாமல், சரிவாக சம்ப்புக்கு இறங்க வேண்டும். ஸ்டார்ட் செய்யுமுன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிறகு டீசலை நிறுத்திவிட்டு செல்ஃப் அடித்து, திரும்பும் குழாயில் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே டீசலைத் திறக்க வேண்டும்.

புது ரிங்கோடு வண்டியை மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது இங்கே பல ஷெட்களில் பழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. லேசான சுமை இருந்தால்தான் ரிங் லைனரோடு படியும். கசிவு பார்த்து முடித்ததும் பாடாலூர் வரை நெடுஞ்சாலையில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டிவரச் சொல்வேன். திரும்பி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் நின்றுபோன ஆயில் டர்போ பேரிங்கிலேயே கரியாகிவிடும். முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கி, பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.