உகாண்டாவில் ஊழியர்களுக்கு வேதபாடம்: போகுமுன் சில குறிப்புகள்

நம் ஊர்ச் சபைகளிலிருந்து உகாண்டாவுக்குப் போய், கிராமத்து ஊழியர்களுக்குச் சில நாள் வேதபாடம் நடத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. அடுத்த ஞாயிறு அங்கே மேடை ஏறப்போவது நாமல்ல, அவர்கள். இதை நினைவில் வைத்துத் தயாராகுங்கள்.

1. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் அட்டையைக் கேட்பார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஊரிலிருந்தே தொடங்குங்கள்.

2. தேதியை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கிராமத்து ஊழியர் பலர் விவசாயிகள். நாட்டின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் மார்ச் முதல் மே வரை ஒரு மழை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொரு மழை. விதைக்கிற வாரத்தில் வகுப்பு வைத்தால் வந்து உட்கார்ந்திருப்பார்கள், மனசு மட்டும் வயலில் இருக்கும். ஜூன் 3 உகாண்டா இரத்தசாட்சிகள் நாள், அரசு விடுமுறை. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நேரத்தைச் சொல்லும்போது ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். லுகாண்டா மொழியில் பகல் மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, ஒன்பது மூன்று மணி. அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்து மூன்றாம் மணி வேளையை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம்!

4. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஐந்து நாளில் என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்தில் அது வீண். மொழிபெயர்ப்போடு பேசினால் ஒரு மணி நேரம் அரை மணியாகச் சுருங்கிவிடும். சிறிய புத்தகம் ஒன்றை எடுத்து முழுதாக முடியுங்கள். தீத்து நல்ல தேர்வு: மூன்று அதிகாரம், 46 வசனம். கிரேத்தா தீவின் ஊர்களில் மூப்பரை ஏற்படுத்துவதும், குழப்பும் போதகர்களை எதிர்கொள்வதும் அதில் உண்டு. கிராமத்துப் போதகருக்கு இவை அன்றாடப் பிரச்சினைகள். கதையாக வேண்டுமென்றால் யோனா, 48 வசனம். ஒரு புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று பிடிபட்டால் அடுத்ததை அவர்களே படித்துக்கொள்வார்கள்.

5. அவர்கள் கையிலிருக்கும் வேதாகமத்திலிருந்தே நடத்துங்கள். வடக்கே போனால் லுகாண்டா அல்ல, அச்சோலியோ லுக்பாராவோ இருக்கும், முன்கூட்டியே விசாரியுங்கள். வேதாகமம் வாங்கித் தர விரும்பினால் இங்கிருந்து சுமக்க வேண்டாம். கம்பாலாவில் உகாண்டா வேதாகமச் சங்கம் இருக்கிறது.

6. மொழிபெயர்ப்பாளரோடு முந்தின இரவே உட்கார்ந்து மறுநாள் பாடத்தை முழுக்கச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். எதுகை மோனையோடு மூன்று தலைப்பு அடுக்கும் நம் பழக்கம் அங்கே எடுபடாது. லுகாண்டாவில் போய்ச் சேரும்போது ஓசை போய்ப் பொருள் மட்டும்தான் மிஞ்சும். பொருள் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

7. “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். விருந்தாளியிடம் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். “இதை உங்கள் சபைக்கு எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டு, ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் எழுந்து பேச வையுங்கள். மதியத்துக்குப் பிறகு தூக்கம் வரும் வேளைக்கு இது நல்ல மருந்து. பேசியவரைத் திருத்தும் வேலையை முதலில் சக ஊழியர்களிடம் விடுங்கள்.

8. கிரிக்கெட் உதாரணம் வேண்டாம், கால்பந்து ஓடும். மந்தை, மேய்ப்பன் என்றால் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட கொம்பு அன்கோலே மாடு மேய்த்து வளர்ந்தவருக்கு நம்மைவிட அதிகம் தெரியும்.

9. புரொஜெக்டரை நம்ப வேண்டாம், கரண்ட் போகும். பெரிய சார்ட் பேப்பரும் மார்க்கரும் போதும். போன் சார்ஜ் செய்ய, தட்டையான மூன்று கால் உள்ள பிரிட்டிஷ் வகை பிளக்குக்கான அடாப்டர் எடுத்துப் போங்கள். தகரக் கூரைமேல் மழை பிடித்தால் யார் பேச்சும் கேட்காது. அந்த நேரத்துக்கென்று எழுத்து வேலை ஒன்று தயாராக இருக்கட்டும்.

10. நோட்டுப் புத்தகத்தோடு மூடி இறுகும் டப்பாவும் கொடுங்கள், கரையான் அரிக்கும். 1896-இல் முழுமையாக வெளிவந்த லுகாண்டா வேதாகமத்தையே பிஸ்கட் டின்னில் அடங்கும் அளவில் அச்சிட்டார்கள், இந்தக் கரையானுக்குப் பயந்துதான்.

11. பயணப்படி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் உள்ளூர்ச் சபை வழியாகவே போகட்டும். தனியே ஒருவர் கையில் பணம் திணித்தால் மற்ற எல்லாருக்கும் மனக்கசப்பு.

12. சான்றிதழை ஆசையாகச் சுவரில் மாட்டுவார்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் எத்தனை நாள், எந்தப் புத்தகம் என்று அதிலேயே அச்சிடுங்கள். பக்கத்து ருவாண்டாவில் 2018-இல் வந்த சட்டம் சபைத் தலைவர்களுக்கு இறையியல் பட்டம் கேட்கிறது. உங்கள் தாள் பட்டம் போலத் தோன்றி யாரையும் ஏமாற்றக் கூடாது.

13. சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். மாட்டோகே என்னும் அவித்த வாழைக்காய், போஷோ என்னும் மக்காச்சோளக் களி, பீன்ஸ். காரம்தான் இருக்காது. சப்பாத்தி அதே பெயரில் தெருவோரம் கிடைக்கும். ஊறுகாயை மட்டும் நன்றாக மூடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.