புது வீடும் இணைய இணைப்பும்

மதுரை நகரின் மேற்குப் பகுதியில் தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் சந்திக்கும் இடத்துக்குக் காளவாசல் என்று பெயர். காளவாசல் என்பது சூளையைக் குறிக்கும் சொல். சந்திப்பில் 2020-ஆம் ஆண்டில் மேம்பாலமும் வந்துவிட்டது. ஆயினும் அங்கிருந்து விராட்டிபத்து வழியாக மேற்கே செல்வோர் தெருவுக்குத் தெரு செங்கல் அடுக்கியிருப்பதை இன்றும் காணலாம். நம் சங்கங்களின் அங்கத்தினர் பலரும் அப்பக்கம் மனை வாங்கி வீடு கட்டி வருகின்றனர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

செல்லூரில் வாடகை வீட்டில் தறி போட்டிருந்த நெசவாளர் ஒருவர் சென்ற ஆண்டில் சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தார். தெருப்பக்கம் கூடம், நடுவே இரண்டு அறைகள், பின்புறம் தறிக்கூடம். அவருடைய மகள் சங்கத்துச் சேலைகளை வெளியூர் வியாபாரிகளுக்குக் காணொளி மூலம் காட்டி ஆர்டர் பெறும் பொறுப்பை ஏற்றிருந்தார். கிருகப்பிரவேசம் முடிந்து இரண்டு வாரம் சென்றபின் இணைப்புக்கு மனுச் செய்தார்கள். வந்த ஊழியர் வாசல் ஜன்னலின் ஓரத்தில் துளையிட்டுக் கம்பியை நுழைத்து, கதவுக்குப் பக்கத்திலேயே மோடத்தை மாட்டிச் சென்றார். ஒரு நாள் பெங்களூர் வியாபாரி ஒருவர் தறியில் ஓடும் கரையைப் பார்த்துவிட்டு அறுபது சேலைக்குச் சொல்வதாகக் கூறினார். தறிக்கூடத்தில் படம் மூன்று முறை அறுந்தது. நான்காம் முறை அவர் அழைக்கவில்லை.

ஆய்வுக்குச் சென்றிருந்த நம்மிடம் அவர் இணைப்புத் தந்தவர்களைக் குறை கூறினார். கூடத்தில் சோதித்துப் பார்த்ததில் வேகம் சரியாகவே இருந்தது. குற்றம் சுவரில் இருந்தது. மோடத்துக்கும் தறிக்கும் இடையே நான்கு சுவர்கள்! பின்னால் ஒரு கம்பி கொண்டுபோக வேண்டுமாயின் புதிதாக வர்ணம் அடித்த சுவரைக் காடி வெட்டியாக வேண்டும். அவர் மனம் ஒப்பவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பின்னர் வெட்டத்தான் செய்தார். கட்டும்போதே சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை அது. நம் சங்கக் கட்டடங்கள் பலவும் இதே பிழையுடன் கட்டப்பட்டவைதாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே, இணைப்பைப் பற்றி நினைக்க வேண்டிய காலம் குடிபுகுந்த பிறகன்று; நிலை வைத்தபின், பூச்சு வேலை தொடங்குமுன். எலக்ட்ரீசியன் மின்கம்பிக்குக் குழாய் பதிக்கும் அதே நாட்களில், தனியாக ஓர் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைத் தெருப்பக்கச் சுவரின் வெளிப்புறத்திலிருந்து வீட்டின் நடுப்பகுதி வரை பதிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து தறிக்கூடத்துக்கோ, கணக்கு எழுதும் அறைக்கோ இன்னொரு குழாய். மின்கம்பி செல்லும் குழாயிலேயே இதனையும் நுழைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் கூறினால் இணங்க வேண்டாம்; பின்னாளில் பழுது பார்க்க வருபவனின் உயிருக்கு அது ஆபத்து. குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றை முன்கூட்டியே விட்டு வைத்தால் கம்பியை அதில் கட்டி இழுப்பது எளிது.

குழாய் திரும்பும் இடங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு பிராட்பேண்ட் தொலைபேசியின் செம்புக் கம்பியிலேயே வந்தது. இப்பொழுது வருவது கண்ணாடி இழை. மேலுறைகளை நீக்கினால் உள்ளே இருக்கும் இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி செல்லும் பாகமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறிது. நேராகவும் மெதுவான வளைவிலும் ஒளி உள்ளேயே பிரதிபலித்துச் செல்லும். சட்டென்று மடித்தால் வெளியே கசிந்துவிடும். பாவு நூலை முறுக்கி மடித்தால் அறுவதை நெசவாளர் அறிவர். இந்த இழையோ அறாமலே பயனற்றுப் போகும், கண்ணுக்கும் தெரியாது. எனவே மூலைகளில் எல்போ வைக்காமல் நீண்ட பெண்டு வைக்க வேண்டும். மிஞ்சிய கம்பியைச் சுற்றி வைக்கும்போது தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குக் குறையாமல் வளையம் இருக்கட்டும்.

வீட்டின் நடுவில் குழாய் முடியும் இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், மோடத்துக்கு ஒரு பலகையும் அருகில் ஒரு பிளக் பாயிண்டும் வேண்டும். இரும்புப் பீரோவுக்குப் பின்னாலும் தொலைக்காட்சிக்கு அடியிலும் வைப்பவர் உண்டு. காங்கிரீட்டும் இரும்பும் வைஃபை அலைக்குப் பெருந்தடை. மோடம் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது, ஆனால் சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைக் கடந்து சற்றுத் தூரம் செல்லும். தொலைவிலுள்ள தறிக்கூடத்துக்கு இரண்டையும் நம்பாமல் கேட் 6 என்னும் கம்பியை இழுத்துவிடுவதே உத்தமம் என்பது நம் கருத்து. 100 மீட்டர் வரை அது வேகம் குறையாமல் கொண்டுசெல்லும்.

பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. ஊர் முழுவதும் இருண்டாலும் அது மணியடித்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டில் மின்சாரம் நின்றால் மோடமும் அதன் வழி வரும் தொலைபேசியும் நின்றுவிடும். மோடத்துக்கென்று விற்கும் சிறு யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

இனி, தெருவைப் பற்றி. புதுத் தெருக்களில் வீடு தயாராகியும் இணைப்புக் கிடைப்பதில்லை என்னும் முறையீட்டை அடிக்கடி கேட்கிறோம். ஒரே இழையில் வரும் ஒளியைப் பகிர்வுப் பெட்டி ஒன்று பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குத் தரக்கூடும். ஒரே ஒரு வீட்டுக்காக அப்பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுவர எந்த நிறுவனமும் முனைவதில்லை. இங்கேதான் கூட்டுறவு கற்றவர்கள் தம் கல்வியைப் பயன்படுத்த வேண்டும். பக்கத்து மனைக்காரர் பத்துப் பேருடன் கையொப்பமிட்டு ஒரே மனுவாகக் கொடுத்துப் பாருங்கள். பதில் வேறாக இருக்கும். இங்கிலாந்தில் லங்காஷயர் கிராமப்புறத்தில், நிறுவனங்கள் கைவிட்ட பண்ணைகளின் மக்கள் 2011-இல் தாமே ஒரு சங்கம் பதிவு செய்து, பங்குத்தொகை சேர்த்து, தம் வயல்களின் வழியே வாடகையின்றி இடம் கொடுத்து, பலர் தம் கையாலேயே பள்ளம் தோண்டி, வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை கொண்டுவந்தனர். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. கிராமத்தில் உள்ள பயிர்த்தொழில் அங்கத்தினர்கள், பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் போட்டுள்ள இணைப்பு தம் ஊராட்சிக்கு வந்துவிட்டதா என்று முதலில் விசாரிக்கட்டும்.

திட்டம் தேர்ந்தெடுப்பதில் மயங்க வேண்டாம். 2004-இல் 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று நம் அரசு வரையறுத்தது. 2023-இல் அது 2 மெகாபிட் ஆயிற்று. இன்று விற்கப்படும் மிகச் சிறிய திட்டமே அதனினும் பன்மடங்கு. சேலையைக் காணொளியில் காட்டுவதற்கு அதுவே போதும்; ஆனால் வந்திறங்கும் வேகத்தை மட்டும் கேளாமல், நம்மிடமிருந்து செல்லும் வேகத்தையும் கேளுங்கள், ஏனெனில் காட்டுபவர் நாம். விளம்பரத்தில் 499 ரூபாய் என்றிருந்தால் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்ந்து ரசீது 589 ரூபாய்க்கு வரும். மோடம் இனாமா, வாடகையா, திருப்பித் தர வேண்டியதா என்பதையும், எத்தனை ஜி.பி.க்குப் பின் வேகம் குறைக்கப்படும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதத் தவணையில் ஓட்டிப் பார்த்து, மழையில் ஒரு தடவை அறுந்து எத்தனை நாளில் சரி செய்கிறார்கள் என்று கண்ட பிறகு ஆண்டுச் சந்தாவை யோசிக்கலாம்.

பழுது ஏற்பட்டால் வாய்ச்சொல்லோடு நில்லாமல், புகார் எண்ணைக் கேட்டு நாளுடன் குறித்து வையுங்கள். அதற்குப் பயன் கிட்டாவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். 2012-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை விதிகள் இவ்விரண்டு படிகளையும் அமைத்துள்ளன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பையும் சேவை என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்லலாம்.

குழாயைப் பற்றி இன்னும் ஒன்று. வெளிச்சுவரில் அதன் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும்; இல்லையேல் மழை நீர் உள்ளே வழியும். கம்பி வரும் வரை அதில் ஒரு மூடியும் போட்டு வையுங்கள். மூடாமல் விட்ட ஓர் அங்கத்தினர் வீட்டில் குளவி கூடு கட்டி, அதனைக் கலைக்கவே அரை நாள் கூலி கொடுக்க நேர்ந்தது.