உடற்பருமனும் ஊன்றுகோலும்

மழையுமில்லை, வெயிலுமில்லை. எனினும் மாலை வேளையில் வீட்டிலிருந்து கோவிலுக்குப் புறப்படும் அந்த அம்மையாரின் கையில் நீண்ட குடையொன்று இருக்கும். பத்தடிக்கொரு தரம் அதனை நிலத்தில் ஊன்றி நின்று மூச்சு வாங்குவார். எவரேனும் கண்டால் வானத்தை அண்ணாந்து பார்த்து, "மழை வரும்போல் இருக்கிறது" என்பார். மருத்துவமனையில் கொடுத்த ஊன்றுகோல் அவர் வீட்டுக் கதவின் பின்னே தூசி படிந்து கிடந்தது. வயது ஐம்பத்தொன்றுதான், கோல் பிடித்தால் கிழவியென்று சொல்லிவிடுவார்களே என்னும் கூச்சம்.

இத்தகைய குடைகளை நாம் பல தோட்டங்களிலும் கண்டிருக்கிறோம். ஆதலின் இம்மாதப் பாடத்தில் பருத்த உடலினர் நடப்பதற்குப் படும் பாட்டையும், அதற்கு உதவும் கோல்களையும், எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவற்றைக் கையாள வேண்டிய முறையையும் ஆராய்வோம்.

அந்த அம்மையாரின் எடை 112 கிலோ. உயரம் 154 சென்டிமீட்டர். எடையை மீட்டரில் கணக்கிட்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியெண். அவருக்கு அது 47. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 30ஐ எட்டினாலே உடற்பருமன். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியோ ஆசிய உடலமைப்பைக் கருதி அவ்வெல்லையை 27.5 என வைத்துள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2023இல் அது 54.4 விழுக்காடாயிற்று. ஆகவே அம்மையார் தனித்த ஒருவரல்லர்.

சோம்பலால் வந்த கேடு என்று இதனை எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நாளொன்றுக்கு ஐந்நூறு அறுநூறு மரங்களை நிரை நிரையாகச் சீவி, பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர் அவர். அந்த உழைப்புக்கேற்ற சோற்றை அவ்வயிறு பழகிக்கொண்டது. பின்னர் முழங்கால் வலி கண்டு வேலையை விட்டார். சோறு குறையவில்லை, கட்டிப்பால் தேநீரும் குறையவில்லை. வலியால் நடை குறைந்தது. நடை குறைய எடை ஏறியது. எடை ஏற வலி மிகுந்தது. இச்சுழலுள் அகப்பட்டவரை ஏசுவதால் ஒரு கிலோவும் குறையப் போவதில்லை.

சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டு தாங்கும் பாரம் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்காகும். முழங்கால் தேய்மானம் உற்ற பருத்த உடலினரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2005ஆம் ஆண்டு வெளியாயிற்று. உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று அது கண்டது. ஐந்து கிலோ குறைத்தவர் ஆயிரம் அடி நடந்தால், முழங்கால் தாங்கும் பாரத்தில் மொத்தம் இருபதாயிரம் கிலோ மிச்சமாகிறது! அறுவைச் சிகிச்சை வரை போகாமலே ஐந்து கிலோ குறைப்பதற்கும் பெரும் பயன் உண்டென்பது இதனால் விளங்கும்.

இனி ஊன்றுகோலுக்கு வருவோம். நம்மவர் பெரும்பாலோர் செய்யும் பிழை, வலிக்கும் காலின் பக்கமே கோலைப் பிடிப்பது. வலது முழங்கால் வலித்தால் கோல் இடக்கையில் இருத்தல் வேண்டும். வலது கால் முன்னே செல்லும்போது கோலும் உடன் செல்ல வேண்டும். நடக்கையில் எதிர்க்கை முன்னே வீசுவது இயற்கையன்றோ? அக்கையில் கோல் இருந்தால், நோயுற்ற கால் ஊன்றும் அதே நொடியில் பாரத்தின் ஒரு பகுதியைக் கை வாங்கிக் கொள்கிறது. உடலும் ஒரு பக்கம் சாய்வதில்லை.

கோலின் உயரத்தை அளப்பதும் எளிதே. வழக்கமாக அணியும் காலணியுடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மடிப்புக்கு நேரே கைப்பிடி இருக்க வேண்டும். ஊன்றும்போது முழங்கை சற்றே மடிந்திருக்கும். அதனினும் உயர்ந்த கோல் தோளைத் தூக்கும். தாழ்ந்த கோல் முதுகை வளைக்கும். படியேறுகையில் நல்ல கால் முதலில். இறங்குகையில் கோலும் நோயுற்ற காலும் முதலில். படியோரம் கைப்பிடி இருந்தால் ஒரு கை அதைப் பற்றட்டும்.

கொய்யாக் கம்பு ஒன்றை வெட்டிச் சீவி வைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உளர். உறுதியும் உயரமும் சரியாயிருப்பின் தவறில்லை. ஆனால் அடியில் ரப்பர்க் குமிழ் இல்லாத கோல், ஈரமான சிமெண்டுத் தரையில் ஆளையும் சேர்த்து வழுக்கி விடும். குடையின் ஆபத்தும் அதுவே: அதன் முனை கூரியது, தண்டு மெல்லியது, மனித எடையைத் தாங்க எவரும் அதனைச் செய்யவில்லை. நாம் சீவிய பாலிலிருந்து வந்த ரப்பர் நம் காலடியையே காக்கும் இடம் அக்குமிழ். அதன் அடியிலுள்ள வரிகள் தேய்ந்து மழுங்கினால் உடனே மாற்றிவிட வேண்டும்.

நான்கு கால் நடைச்சட்டம் வேண்டுவோர் அதில் ஒட்டியுள்ள எடைக் குறிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாதாரணச் சட்டங்கள் பலவும் 136 கிலோ வரைதான் தாங்கும். அதற்கு மேற்பட்டவர்க்கு இருநூறு கிலோவும் அதனின் மிகுதியும் தாங்கும் அகன்ற சட்டங்கள் தனியே உண்டு. 150 கிலோ எடையுள்ள ஒருவர் அண்டை வீட்டாரின் சட்டத்தை இரவல் வாங்குவது உதவியாகாது.

எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை புதிய வித்தையன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1966ஆம் ஆண்டு எட்வர்ட் மேசன் என்னும் அறுவை மருத்துவர் இரைப்பையைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் முறையைத் தொடங்கி வைத்தார். இன்று மிகுதியாகச் செய்யப்படுவன இரண்டு. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, மிஞ்சியதை ஒரு குழல் போல் ஆக்கி விடுகின்றனர். மற்றொன்றில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைக்கின்றனர். இவை அழகுக்காகச் செய்பவை அல்ல. 1991இல் வகுத்த விதிப்படி குறியெண் 40ஐ எட்டியவர்க்கும், நீரிழிவு போன்ற நோய்களுடன் 35ஐ எட்டியவர்க்குமே இவை உரியனவாயிருந்தன. 2022இல் மருத்துவச் சங்கங்கள் இரண்டு அவ்வெல்லைகளைத் தளர்த்தி, ஆசியர்க்கு இன்னும் குறைந்த எண்ணிலேயே ஆலோசிக்கலாம் என்றன. முதலில் அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். தகுதி இருப்பின் அங்கிருந்தே கடிதம் கொடுத்துச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

அம்மையார் அவ்வழியே சென்றார். அறுவைக்கு முன் நாள்தோறும் நடந்து பழக வேண்டும் என்றார்கள். நடக்க முடியாமற்றானே இங்கு வந்தோம் என்று அவருக்குச் சினமே வந்ததாம். பிசியோதெரப்பிப் பிரிவில் இருந்த இளம்பெண், "அம்மா, கோலை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் நடப்பதைவிடக் கோலோடு பதினைந்து நிமிடம் நடங்கள்" என்றாராம். கதவின் பின்னிருந்த கோல் அன்றுதான் வெளியே வந்தது. தோட்டத்துச் சாலையில் இரண்டு மின்கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் தொடங்கி, நாளடைவில் கோவில் வரை நடந்தார். அறுவைக்கு முன் பெற்ற அந்த வலுவே பின்னர் அவரை எழுப்பி நிறுத்தியது.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் செய்வார்கள். கொடுமை என எண்ண வேண்டா. படுத்தே கிடந்தால் கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே கேடு விளைக்கக் கூடும். ஆகவே துணிமணிகளோடு கோலையும் மருத்துவமனைக்கு மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்பிய பின் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பால் வாளி, தண்ணீர்க் குடம், பேரப்பிள்ளை எதனையும் தூக்கலாகாது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை மருத்துவர் குறைக்க நேரும். பழைய அளவிலேயே உண்டால் எழுந்தவுடன் தலை சுற்றி விழ நேரிடும்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. ஆதலின் சிறிதளவே உண்ண முடிந்த அவ்வுணவில் முட்டை, மீன், கோழி, தவ்வு, தயிர் ஆகிய புரத உணவு முதலிடம் பெற வேண்டும். நாளொன்றுக்கு அறுபது கிராம் புரதமேனும் வேண்டும் என்பது மருத்துவர் கணக்கு. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராமே. கால்சியம், இரும்பு, வைட்டமின் டி, பி12 ஆகிய மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் விடாமல் எடுக்க வேண்டும். எலும்பு நலிந்தால் சிறு வீழ்ச்சியும் முறிவாகிவிடும்.

இங்கே நம் பாட்டன்மார் காலத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் தொழிலாளரைக் கொள்ளை கொண்டது. கால்கள் மரத்து, வலுவிழந்து, இதயம் தளர்ந்து மாண்டனர். தீட்டிய பச்சரிசி உண்டோரையே அது தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அரிதாகவே தீண்டியது. 1905ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிக் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் இருவகை அரிசியையும் இருசாராருக்கு ஓராண்டுக் காலம் கொடுத்துச் சோதித்து இதனை உறுதி செய்தார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் ஊறிவிடுவதே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதே நோய், அறுவைக்குப் பின் ஓயாது வாந்தி எடுப்போரிடம் இன்று மீண்டும் தலைகாட்டுகிறது. வாந்தி சில நாள் நீடித்தாலும், பாதம் எரிந்தாலும், கால் தள்ளாடினாலும் எடை குறைந்ததன் களைப்பு என்று இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. முழங்காலின் வெளிப்புறத்தில், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. கொழுப்பு விரைவாகக் கரைந்தபின் அதற்கு மெத்தை இல்லை. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் அமர்ந்தாலும், தாழ்ந்த வெட்டுப்பட்டையைக் குந்தியமர்ந்து சீவினாலும் அந்நரம்பு நசுங்கிப் பாதத்தின் முன்பகுதி தொங்கிவிடக் கூடும். நடக்கையில் கால்விரல் தரையில் தட்டினால் அதுவே அறிகுறி.

மூன்றாம் மாதத்தில் அம்மையாருக்கு 24 கிலோ குறைந்திருந்தது. வலியும் குறைந்தது. மகிழ்ச்சி மிகுதியால் கோலை மீண்டும் கதவின் பின்னே வைத்தார். அடுத்த வாரமே வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இருபது ஆண்டுகளாகப் பெரிய வயிற்றைச் சமன்செய்து நின்று பழகிய உடல், அவ்வயிறு சுருங்கியதும் தன் நிலை தெரியாமல் தடுமாறுகிறது. பழைய காலணி தளர்வதும் உண்டு. கோலை விடுவதாயின் முதலில் வீட்டுக்குள், பின்னர் சமமான சாலையில், கடைசியாகப் படியிலும் மேட்டிலும் என்று பிசியோதெரப்பியார் சொன்னபடி விட வேண்டும். நிமிர்ந்து நிற்கப் பழகியவர் கோலின் உயரத்தை மறுபடி அளக்கவும் வேண்டும்.

எல்லாரும் கோலை விட்டுவிடுவர் என்று நாம் உறுதி கூறோம். அமெரிக்க மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதலாண்டில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி தணிந்து நடை விரைவுற்றது. மூன்றாம் ஆண்டுக்குள் சிலருக்கு அந்நலம் சற்றே குறைந்தது. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை. அத்தகையோருக்கு மூட்டு மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம். எடை குறைந்திருப்பது அதற்கும் உதவியே.

கோல், சட்டம், சக்கர நாற்காலி வாங்க வசதியற்றோர் சமூகநல இலாகாவில் விசாரிக்கலாம். வேலையில் விபத்துற்றோரும் உடலியலாமைக்குள்ளானோரும் சொக்சோ அலுவலகத்தில் கேட்டறியலாம். மருத்துவரின் கடிதமும் அடையாளக் கார்டும் உடன் இருக்கட்டும்.

அம்மையாரின் எடை இப்போது 79 கிலோ. பகலில் கோலின்றி நடக்கிறார். மழை நாளிலும், ஆடித் திருவிழாக் கூட்டத்திலும் கோலோடு வருகிறார். சென்ற மாதம் அதன் ரப்பர்க் குமிழை மாற்றினார். கதவின் பின்னே இப்பொழுது தொங்குவது குடை.