ஜரிகைக் கணக்கும் சர்வதேசச் செய்தியும்

முதுநிலை இதழியல் வகுப்பில் நான் எழுதிய முதல் கட்டுரை ஆரணி நெசவாளர்களைப் பற்றியது. தறிச்சத்தம், அப்பாவின் முதுகுவலி, மண்ணெண்ணெய் விளக்கு என்று மூன்று பத்திக்கு உருகியிருந்தேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கே கிடையாது. கட்டுரைக்கு எடுப்பாக இருக்குமென்று ஏற்றி வைத்தேன். ஆசிரியர் அந்த மூன்று பத்தியையும் அடித்துவிட்டு, நாலாவதில் ஒரு வரியை மட்டும் வட்டமிட்டார். 'ஜரிகை விலை ஏறிவிட்டது.' பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று கேள்விகள்: எவ்வளவிலிருந்து எவ்வளவு? யார் சொன்னது? ஏன் ஏறியது?

அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். பாவு பிணைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே கேட்டார்: "ஏம்மா, இதெல்லாம் பேப்பர்ல வர்ற சமாச்சாரமா?" ஆனாலும் பழைய கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஜரிகையை எங்கள் பக்கம் 'மார்க்' கணக்கில்தான் வாங்குவார்கள். ஒரு மார்க் என்றால் 242 கிராம். பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசினால் அது ஜரிகை. சூரத்திலிருந்து வரும், காஞ்சிபுரத்து அரசு ஜரிகை ஆலையிலிருந்தும் வரும். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வரும். சீனப் பட்டு மலிவாக இறங்கினால் கர்நாடகப் பட்டின் விலையும் ஆடும். வெள்ளிக்கோ லண்டனிலும் நியூயார்க்கிலும் விலை பேசுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு சேலையின் கூலி குறைவதற்கான காரணம் பாதி உலகம் சுற்றி வருகிறது என்பது அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது.

பயிற்சிக்காகப் பெங்களூருவில் ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனத்தின் நேர்முகத்துக்குப் போனபோது, வெள்ளி விலையை எதெல்லாம் பாதிக்கும் என்று கேட்டார்கள். மற்ற பிள்ளைகள் டாலரையும் வட்டி விகிதத்தையும் சொன்னார்கள். நான் அவற்றோடு கல்யாண முகூர்த்த மாதங்களையும் ஜரிகையையும் சேர்த்துச் சொன்னேன். இடம் கிடைத்தது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். படிப்பு உங்களை விமானத்தில் ஏற்றிவிடாது. அது தருவது இரண்டு: கேள்வி கேட்கும் பழக்கம், பயிற்சிக்கு நுழைய ஒரு கதவு. புகைப்படச் செய்தியாளர் டேனிஷ் சித்திக்கியைப் பாருங்கள். டெல்லி ஜாமியா மில்லியாவில் 2007-ல் முதுநிலைப் பட்டம் முடித்தார். தொலைக்காட்சியில் நிருபராக இருந்துவிட்டு, 2010-ல் ராய்ட்டர்ஸில் வெறும் பயிற்சியாளராகச் சேர்ந்து கேமராவைத் தூக்கினார். ரோஹிங்கியா அகதிகளைப் படமெடுத்த ராய்ட்டர்ஸ் குழுவில் ஒருவராக 2018-ல் புலிட்சர் விருது பெற்றார். 2021-ல் ஆப்கானிஸ்தானில் செய்தி சேகரிக்கும்போதே கொல்லப்பட்டார். இந்த வேலையின் இரண்டு முகத்தையும் அவர் வாழ்க்கையில் பார்க்கலாம்.

ஆகவே கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். போன வருட மாணவர்கள் எங்கே பயிற்சிக்குப் போனார்கள், வாரத்துக்கு எத்தனை செய்தி எழுத வைக்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள். தருவது டிப்ளமோவா, பல்கலைக்கழகப் பட்டமா என்பதையும் கேட்டுவிடுங்கள். மேற்கொண்டு வெளிநாட்டில் படிக்க நினைத்தால் டிப்ளமோ குறுக்கே வரக்கூடும்.

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் எனக்கு ஒரு ஏஜென்ட் ஞாபகம் வருகிறார். லண்டனில் சீட் நிச்சயம் என்று முன்பணம் வாங்கினார். கடைசியில் கிடைத்தது, நானே இலவசமாக நிரப்பியிருக்கக்கூடிய ஒரு விண்ணப்பம். மூன்று சேலைக் கூலி போயிற்று. ஏஜென்ட் இல்லாமலே வழி உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புச் செலவை ஏற்கும். ஆனால் படித்து முடித்த கையோடு விண்ணப்பிக்க முடியாது. 2,800 மணி நேர வேலை அனுபவம், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம், கேட்கிறார்கள். படித்த பிறகு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை. அதைக் கேட்டதும் எங்கள் அம்மா அந்த உதவித்தொகையை மனதார ஆசீர்வதித்தார்.

ஆங்கிலம் வேண்டும், சந்தேகமில்லை. அதில் நான் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் தமிழைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். பிபிசி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது 1941-ல். 2022-ல் இலங்கை பொருளாதாரத்தில் நொடித்தபோது, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் யாழ்ப்பாணத்து மீனவரிடம் நேராகப் பேசத் தெரிந்த நிருபருக்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள்.

இப்போது எனக்குச் செய்தியறையில் இரவு வேலை. நியூயார்க் பங்குச்சந்தை திறக்கும்போது இங்கே இரவு ஏழு மணி, அங்கே குளிர்காலமென்றால் எட்டு. அந்தச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் அறிக்கை வந்த நொடியில் முதல் வரி போக வேண்டும். எண்ணில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் திருத்தம் உலகம் முழுக்கப் போகும். எனக்கு அப்படி ஒரு முறை போயிருக்கிறது.

விடியற்காலை அறைக்குத் திரும்பும் நேரத்தில் ஊரில் அப்பா தறியில் உட்கார்ந்திருப்பார். போன் வரும். சாப்பிட்டாயா என்றெல்லாம் பிறகுதான்.

"ஏம்மா, வெள்ளி இன்னிக்கு எவ்ளோ?"