புகையும் பழமும்: மூக்கு கற்றுத்தரும் வியாபாரப் பாடம்



இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் நம் அலமாரியில் இருப்பது அல்ல. அது விஸ்கி. தமிழ்நாட்டில் மதுவின் மொத்த விற்பனை 1983 முதல் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. சில்லறைக் கடைகளையும் 2003 முதல் அந்த நிறுவனமே நடத்துகிறது. ஆகவே இது நமக்கு விற்பனைச் சரக்கு அல்ல. குடிக்கச் சொல்லும் கட்டுரையும் அல்ல. குடி எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பதை நம் கடைக் கடன் நோட்டே சொல்லும். ஆனால் அந்தத் தொழிலில் சரக்கைச் சோதிப்பவர்கள் மூக்கைப் பயன்படுத்தும் முறை மளிகை வியாபாரிக்கு நல்ல பாடம். அதற்காகவே எழுதுகிறோம்.

மூன்று வாசனைகள்

'சிங்கிள் மால்ட்' என்பது முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே ஆலையில் காய்ச்சி எடுப்பது. முளைத்த பார்லியை உலர்த்த ஸ்காட்லாந்தில் 'பீட்' என்ற ஒருவகை மண்ணை எரிப்பார்கள். சதுப்பு நிலத்தில் செடிகளும் பாசிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிச் சேர்ந்தது அது. நம் நீலகிரி மலையிலும் பீட் படிவுகள் உண்டு. அதன் புகை பார்லியில் ஏறி, தார், கரி, ஆஸ்பத்திரி மருந்து போன்ற மணத்தைத் தருகிறது.

காய்ச்சிய பிறகு அதை ஓக் மரப்பீப்பாயில் பல ஆண்டு ஊற வைக்கிறார்கள். முன்பு திராட்சை ஒயின் இருந்த பீப்பாயில் ஊற வைத்தால், மரத்தில் ஊறியிருந்த பழமணமும் நிறமும் இதில் இறங்கும். ஹரியானா மாநிலம் கர்னால் மாவட்டத்தில் தயாராகும் 'இந்திரி திரிணி' என்ற மால்ட், அமெரிக்க பர்பன் விஸ்கி, பிரெஞ்சு ஒயின், ஸ்பெயின் நாட்டு ஷெரி ஆகிய மூன்றும் இருந்த பீப்பாய்களில் முதிர்கிறது. அந்த ஷெரி, வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின். அதன் பீப்பாய் உலர்திராட்சை, பேரீச்சை மணம் தருவதில் வியப்பில்லை.

ஆக, ஒரு கிளாஸில் மூன்று வாசனைகள் இருக்கின்றன: பார்லியின் வாசனை, புகையிட்ட பக்குவத்தின் வாசனை, பீப்பாயின் வாசனை. சோதிப்பவரின் வேலை இவற்றைப் பிரித்தறிவதுதான். புகை அதிகமும் ஒயின் பீப்பாயும் சேர்ந்தால் வேலை கடினம். பழ இனிப்பு முன்னே நின்று புகையை மூடும். சில சமயம் புகை முன்னே நின்று பார்லியின் குறையை மூடும்.

எண் எதை அளந்தது?

புகையின் அளவைப் 'பீனால்' என்ற பொருளை வைத்துக் கணக்கிடுகிறார்கள்; பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் லஃப்ராய்க் ஆலையின் மால்ட் சுமார் 40 பங்கு. அதே தீவில் புரூக்லாடி ஆலை வெளியிட்ட 'ஆக்டமோர் 8.3' என்ற சரக்குக்கு 309 பங்கு. கேட்டவுடன் ஏழு மடங்குக்கு மேல் புகை என்று நினைப்போம். அப்படி அல்ல. அந்த எண் உலர்த்திய பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது அல்ல. ஊறவைத்து, புளிக்கவைத்து, காய்ச்சும்போது பீனால் வெகுவாகக் குறைகிறது. காய்ச்சும் பாத்திரத்தின் உயரம், எந்தக் கட்டத்தில் வடிந்ததை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது, பீப்பாயில் கிடந்த காலம் எல்லாம் கணக்கை மாற்றும்.

வயதும் அப்படியே. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் அம்ருத் ஆலையில் 10 சதவீதத்துக்கும் மேல் போகிறது. வெயிலில் மரம் வேகமாக வேலை செய்கிறது. இங்கே ஐந்து ஆண்டும் அங்கே ஐந்து ஆண்டும் ஒன்றல்ல. குறைந்த வயதுச் சரக்கோடு அம்ருத் 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே துணிந்து விற்பனைக்கு இறங்கிப் பெயர் எடுத்ததற்கு இது ஒரு காரணம்.

எண் பொய் சொல்வதில்லை. எங்கே, எப்போது, எதில் அளந்த எண் என்று கேட்காமல் வாங்குகிறவர்தான் ஏமாறுகிறார். மிளகாயில் நமக்கு இது தெரியும். நிறத்துக்கு ஓர் அளவு, காரத்துக்கு வேறு அளவு. நிறம் தூக்கலான பியாடகி மிளகாயைக் காரத்துக்கென்று வாங்கினால் யாரைக் குறை சொல்வது?

சோதிக்கும் முறை

தொழில்முறைச் சோதனையாளர்கள் பெரும்பாலும் குடிப்பதில்லை, முகர்கிறார்கள். முறை இதுதான்:

1. வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, சற்று நேரம் விடுவது.

2. மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயை இலேசாகத் திறந்து, தூரத்திலிருந்து முகர்வது. சாராய நெடி மூக்கை மரத்துப்போகச் செய்யாது.

3. தண்ணீர் கலந்து, சாராயத்தைச் சுமார் 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்து மறுபடி முகர்வது. மறைந்திருந்த நல்லதும் கெட்டதும் அப்போது வெளியே வரும்.

4. தெரிந்த நல்ல மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது.

5. புகை அதிகமானதைக் கடைசியில் பார்ப்பது. முதலில் பார்த்தால் மற்றவை எல்லாம் சப்பென்று தோன்றும்.

குன்னூர் தேயிலை ஏலத்துக்கு மாதிரி பார்ப்பவர்களும் உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடுகிறார்கள், விழுங்குவதில்லை.

நம் கடைக்கு எப்படி?

பெரிய ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கிமில் அதை விறகுப் புகையில் உலர்த்துகிறார்கள். புகைமணம் அதன் பக்குவம். அதைக் கருகல் என்று தள்ளினால் நல்ல சரக்கை இழப்போம். ஆனால் புகைக்கு அடியில் பூஞ்சை வாடை இருந்தால் ஈரத்தோடு மூட்டை கட்டியது என்று அர்த்தம். தோலை உடைத்து, விதையை மட்டும் தனியே முகருங்கள். பிறகு இரண்டு விதையை வெந்நீரில் போட்டு முகருங்கள். எது பொருள், எது புகை, எது கோணி என்று மூக்கு பிரித்துச் சொல்லும்.

பீப்பாய்ப் பாடம் நம்மையும் சுடும். நம் சேக்காடு, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துக் கடைகள் பல சின்ன அறைகள். பெருங்காயம், ஊதுபத்தி, சோப்பு, டீத்தூள் எல்லாம் ஒரே அலமாரியில். மழைக்காலத்தில் கதவைச் சாத்தினால் அறையே பீப்பாய். ஒயின் இல்லாத பீப்பாய் பழமணம் தருவது போல, சோப்பு எடுத்த பெட்டியில் வைத்த டீத்தூள் சோப்பு மணக்கும். கொள்முதல் செய்தது முதல் தரமாக இருந்தும், விற்கும்போது இரண்டாம் தரம். மொத்த வியாபாரியின் மேல் பழி போடும் முன் நம் அலமாரியை முகர்ந்து பார்க்க வேண்டும். நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகளின் கிடங்குக்கும் இது பொருந்தும்.

திரும்பி வரும் ஒரு பொட்டலத்தின் நஷ்டம் அந்தப் பொட்டலத்தோடு நிற்பதில்லை. வாடிக்கையாளரும் கூடவே போகிறார். இன்று செல்போனில் சொன்னால் வீட்டு வாசலில் சரக்கு இறங்குகிறது. அந்தப் போட்டியில் விலையால் மட்டும் நம்மால் நிற்க முடியாது. ஆனால் டப்பாவைத் திறந்து, "அம்மா, முகர்ந்து பார்த்து வாங்குங்க" என்று சொல்ல செல்போனால் முடியாது, நம்மால் முடியும். அப்படிச் சொல்லும் தைரியம், முதலில் நாம் முகர்ந்து வாங்கியிருந்தால்தான் வரும்.

அடுத்த முறை மாதிரி வரும்போது சீட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். எதை அளந்தது என்று கேளுங்கள். பிறகு முகர்ந்து பார்த்து விலை பேசுங்கள்.

– சேக்காடு மொத்த வணிகர்