பழைய அஞ்சல் தலைகளை அறிந்து மதிப்பிடும் முறை

சென்ற கோடை விடுமுறையில் மூணாற்றுக்குச் சென்றிருந்தபோது, என் தந்தையார் ஒரு தகரப் பெட்டியைக் கொணர்ந்து என் முன் வைத்தார். மறைந்த பாட்டனார் பாதுகாத்து வந்த அஞ்சல் தலைகளும் பழைய கடித உறைகளும் அதில் இருந்தன. வியாபாரி ஒருவர் அப்பெட்டியை மொத்தமாக இரண்டாயிரம் ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். "நீ விஞ்ஞானம் படிக்கிறவன் ஆயிற்றே, கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்லப்பா. உன் விடுதிப் பணத்துக்காவது ஆகும்" என்றார் தந்தையார். எனக்கோ அத்துறையில் அரிச்சுவடியும் தெரியாது. பின்னர் நான் கற்றவற்றையும், கற்பதற்கு முன்பே அவசரப்பட்டுச் செய்த ஒரு பிழையையும் நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம். உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி ஒன்று இருத்தல் கூடும்.

ஒரு குடும்பம், மூன்று அரசுகள்

பாலக்காடும் இடுக்கியும் இன்று கேரளத்தின் மாவட்டங்கள். 1949-க்கு முன்னரோ நிலைமை வேறு. பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் பக்கத்துச் சித்தூர் கொச்சி அரசருக்கு உரியது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. என் பாட்டனாரின் தந்தையார் போடியிலிருந்து மலையேறி வந்து தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய மைத்துனர் சித்தூரில் கடை வைத்திருந்தார். போடியிலிருந்து வந்த கடிதங்களில் ஜார்ஜ் மன்னர் உருவம் பொறித்த இந்தியத் தலைகள். பீர்மேட்டிலிருந்து வந்தவற்றில் சங்குத் தலைகள். மைத்துனர் தம் கடைக் கடிதங்களிலிருந்து கிழித்துக் கொடுத்தவை கொச்சித் தலைகள். ஒரு குடும்பத்தின் பெட்டியில் மூன்று அரசுகள் அடங்கியிருந்த காரணம் இதுவே.

இனங்காணுதல்

முதலிற் காண வேண்டுவன சின்னமும் நாணயமும். திருவிதாங்கூர் 1888-இல் தன் முதல் தலைகளைச் சங்கு வடிவத்தில் வெளியிட்டது. அவற்றில் விலை சக்கரத்தில் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். கொச்சி 1892-இல் தொடங்கியது. அதன் தொடக்கக் காலத் தலைகளில் விலை புத்தனில் இருக்கும். ஆறு புத்தன் ஐந்து அணாவுக்குச் சமம். பின்னர் அங்கே அணாவும் தம்பிடியும் வந்தன. அரசர் உருவமும் வந்தது. இவ்விரு அரசுகளின் அஞ்சல் தலைகளும் பிரிட்டிஷ் இந்தியாவில் செல்லாதவை.

அடுத்துக் காண வேண்டியது மேலச்சு. அச்சிட்ட தலையின் மீது பின்னர் அச்சிடும் எழுத்தே மேலச்சு ஆகும். 'ஆன் எஸ் எஸ்' என்று இருந்தால் அது திருவிதாங்கூர் சர்க்கார் அலுவலகங்களுக்கு உரியது. 'ஆன் சி ஜி எஸ்' என்று இருந்தால் கொச்சி அரசு அலுவலகங்களுக்கு உரியது. 1949 ஜூலை முதல் நாள் இரண்டு அரசுகளும் இணைந்தபின், சக்கர விலையுள்ள தலைகள் மீதே அணா, தம்பிடி விலைகள் அச்சிடப்பட்டன. 1951-இல் அஞ்சல் துறை இந்தியத் தபாலுடன் கலந்துவிட்டது. ஆதலின், மேலச்சைக் கொண்டே ஒரு தலையின் காலத்தைப் பெரும்பாலும் அறுதியிடலாம்.

மூன்றாவது, ஓரத்துத் துளைகள். 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் உள்ளனவோ அதுவே துளை அளவு. ஒரே வடிவமும் நிறமும் உடைய இரு தலைகளில், ஒன்றன் துளை அளவு 11 ஆகவும் மற்றொன்றன் அளவு 12 ஆகவும் இருக்கக்கூடும். அவை வெவ்வேறு அச்சீடுகள், விலையும் வேறுபடலாம்.

நான்காவது, நீர்க்குறி. திருவிதாங்கூர்க் காகிதத்தில் சங்கும் கொச்சிக் காகிதத்தில் குடையும் நீர்க்குறியாக அமைந்துள்ளன. தலையைக் கறுப்புத் தட்டில் முகங்குப்புற வைத்து, தூய பென்சைன் போன்ற திரவத்தைச் சில துளிகள் விட்டால் குறி கறுத்துத் தோன்றும். காகித நார்களுக்கு இடையிலுள்ள காற்றே ஒளியைச் சிதறடித்து வெண்மையைத் தருகிறது. நாரின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருங்கிய எண்ணுடைய திரவம் காற்றின் இடத்தைப் பிடித்ததும் சிதறல் குறைகிறது. மெல்லிய பகுதி வழியே தட்டின் கருமை தெரிகிறது. அத்திரவம் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வைத்து, நெருப்பில்லாத இடத்தில் செய்க. சில மைகள் அத்திரவத்தில் கரையும் என்பதையும் மறவாதீர்.

புற ஊதா விளக்கும் ஒரு நல்ல சாட்சி. காகிதத்திற்கு வெண்மை கூட்டும் ஒளிர்பொருள்கள் ஏறத்தாழ 1950-க்குப் பின்னரே பரவலாயின. 1890-இல் அச்சானதாகச் சொல்லப்படும் தலையின் காகிதம் அவ்விளக்கில் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் ஐயுறுதல் தகும்.

நான் செய்த பிழை

இவற்றையெல்லாம் அறியாமுன், முதல் நாள் மாலையே, உறைகளில் ஒட்டியிருந்த தலைகளைத் தனியாக்கினால் அழகாக அடுக்கலாம் என்று எண்ணி, பதினொரு உறைகளை வாளித் தண்ணீரில் இட்டேன். தலைகள் பிரிந்தன. கூடவே கணக்கப்பிள்ளையின் பெயரும் தோட்டத்து முகவரியும் எழுதிய மையும் கரைந்தது. முத்திரையில் பாதி தலையோடும் பாதி உறையோடும் நின்றுவிட்டது. தந்தையார் வந்து வாளியைப் பார்த்தார். "பெயராவது இருந்ததே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எந்த ஊரில் எந்நாளில் இடப்பட்டது, எவ்வழியே சென்றது என்பதைக் காட்டும் முழு உறை, தனித் தலையைவிட மதிப்பு மிக்கதாக இருப்பது வழக்கம் என்பதைப் பின்னரே அறிந்தேன். ஆகையால் முதல் விதி இதுவே: எதையும் நனைக்காதீர், வெட்டாதீர், பசை நாடா ஒட்டாதீர், விரலாற் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

மதிப்பிடுதல்

பழமையே விலை என்பது தவறு. உலகின் முதல் ஒட்டும் அஞ்சல் தலையான 1840-இன் 'பென்னி பிளாக்' 6 கோடியே 80 லட்சம் அச்சிடப்பட்டது. இன்றும் கடைகளில் கிடைக்கிறது. 1856-இன் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் தலையோ உலகில் ஒன்றே ஒன்று. 2021-இல் 80 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. 1948-இல் வெளியான காந்தியடிகள் தலைகள் நான்கில், பத்து ரூபாய்த் தலை அரியது. ஒன்றரை அணாத் தலை மலிந்தது. எங்கள் பெட்டியில் இருந்தது ஒன்றரை அணாத் தலைதான்!

அருமை, நிலை, நாடுவோர் தொகை ஆகிய மூன்றுமே விலையை ஆக்குவன. கிழிசல், மெலிவு, பல் உதிர்வு, பூஞ்சைக் கறை ஆகியன விலையைப் பெரிதும் குறைக்கும். விலைப் பட்டியலில் காண்பது வணிகர் நல்ல நிலையிலுள்ள தலையை விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை அன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு கோட்டை கட்டுவோர் பலர்.

நான்கு வாரம் உழைத்து 640 தலைகளையும் பகுத்தேன். பெரும்பகுதி மலிந்த தலைகள். வியாபாரி சொன்ன விலை மோசடி அன்று என்று தந்தையாரிடம் உள்ளபடியே கூறினேன். நான் கெடுத்த உறைகள் கெடாமல் இருந்திருப்பின் அவ்விலை குறைவு என்பதையும் கூறினேன். இரட்டைப்பட்ட இந்தியத் தலைகளை மட்டும் விற்றோம். ஒரு மாத விடுதிக் கட்டணத்திற்கு அது போதுமானதாயிற்று. நனையாது தப்பிய உறை ஒன்று பீர்மேட்டிலிருந்து வந்தது. சங்குத் தலையும் முழு முத்திரையும் கணக்கப்பிள்ளையின் பெயரும் அதில் அப்படியே உள்ளன. அதை விற்பதற்கில்லை என்று தந்தையார் சொல்லிவிட்டார்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது பரணை ஒருமுறை பாருங்கள். பெட்டி கிடைத்தால் முதலில் வீட்டு முதியவரை அருகில் அமர்த்தி, எந்த உறை யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் வாளி அறையிலேயே இருக்க வேண்டாம்.